வாசகர் கேள்வி – பதில்: பட்டியலைத் தர மறுத்த துப்பறிவாளர்

தருமபுரியில் வாசகர்கள் சிலர் ஒன்றுகூடி, டேவிட் மாமெட் எழுதி இயக்கி 1991இல் வெளிவந்த ‘ஹோமிசைட்’ என்ற அமெரிக்கக் குற்றப் படத்தைத் திரையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் வந்திருந்தவர்கள் அதைப் பற்றிய கேள்விகளை ஒரே உறையில் இட்டு அனுப்பிவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதும் அந்தப் படத்துக்கே போகிறது. முடிவைச் சொல்லாமல் பதில் எழுத இயலாது. தெரிந்துகொள்ளாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படம் பார்த்துவிட்டு இப்பக்கத்துக்கு வரலாம்.

மற்றவர்களுக்குக் கதைச் சுருக்கம்: பாபி கோல்ட் (நடிப்பு: ஜோ மான்டென்யா) கொலைக் குற்றப் பிரிவுத் துப்பறிவாளர். பிறப்பால் யூதர், வழிபாடும் பண்டிகையும் அவர் வாழ்க்கையில் இல்லை. தலைமறைவான போதைப்பொருள் வணிகன் ஒருவனைப் பிடிக்கப் போகும் வழியில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் கடை வைத்திருந்த யூத மூதாட்டி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் தற்செயலாக நிற்க நேர்கிறது. செல்வாக்குள்ள அந்தக் குடும்பம், யூத அதிகாரியே வழக்கை நடத்த வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுப் பெறுகிறது. முதலில் எரிச்சலோடு செய்கிறவர், மெல்ல மெல்ல அதற்குள் இழுக்கப்படுகிறார். மூதாட்டியின் கடையில் பழைய ஆயுதப் பெட்டியும் பெயர்ப் பட்டியல் ஒன்றும் கிடைக்கின்றன. இரகசிய யூதக் குழு ஒன்று அந்தப் பட்டியலைக் கேட்கிறது, அவர் மறுக்கிறார். மறுத்த குற்ற உணர்வில், அக்குழுவுக்காக ஒரு நாஜி ஆதரவாளரின் கடைக்குக் குண்டு வைக்கிறார். அதை அவர்கள் படம்பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். அதே இரவில் அந்தப் போதைப்பொருள் வணிகனைப் பிடிக்கும் இடத்தில் அவர் உடன் இல்லாமற் போக, கூட்டாளி சல்லிவன் சுடப்பட்டு இறக்கிறார்.

கல்லூரி ஆசிரியை, தருமபுரி: கடமைக்கும் இன அடையாளத்துக்கும் இடையே கிழிபடும் மனிதரின் கதை என்று சொல்லித்தான் படத்தைப் போட்டார்கள். இரண்டில் எதை அவர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பது உங்கள் கருத்து?

அப்படிச் சொல்லித்தான் இந்தப் படத்தை எங்கும் அறிமுகம் செய்கிறார்கள். ஆனால் படத்தை ஊன்றிப் பார்த்தால், கோல்ட் கடமைக்கும் இனத்துக்கும் இடையே நிற்கவில்லை என்றும், இரண்டு குடும்பங்களுக்கு இடையே நிற்கிறார் என்றும் எனக்குப் படுகிறது. ஒன்று காவல்துறைக் கூட்டம். மற்றொன்று யூதக் கூட்டம். இரண்டுமே அவரை முழுதாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்கின்றன. இரண்டுமே அதற்கு விலையாக, ‘நீ எங்களவன் என்று நிரூபித்துக் காட்டு’ என்று கேட்கின்றன. எந்தக் கதவானாலும் முதலில் உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவராக அவர் இத்தனை ஆண்டுகள் இருந்ததற்குக் காரணம் துணிச்சல் அன்று. யூதன் என்றால் கோழை என்று நினைக்கும் சக காவலர்களுக்கு ஒவ்வொரு நாளும் அவர் எழுதிக்கொண்டிருந்த தேர்வு அது. அதை அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார்.

படத்தில் என்னை அதிகம் உறுத்திய காட்சி குண்டு வைக்கும் காட்சி அன்று. அதற்கு வெகு முன்பு வரும் ஒரு தொலைபேசிக் காட்சி. மூதாட்டியின் வசதியான உறவினர் வீட்டில், யாரும் கேட்கவில்லை என்ற நம்பிக்கையில், தம் கூட்டாளியிடம் யூதர்களைப் பற்றி இழிவாகப் பேசிக்கொண்டே போகிறார் கோல்ட். பேசி முடித்துத் திரும்பினால், துக்கத்தில் இருக்கும் அந்த வீட்டுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார். தம்மவரைத் தாமே முதலில் பழித்துவிட்டால் மற்றவர்கள் பழிக்க மாட்டார்கள் என்ற கணக்கு அது. நம் அலுவலகங்களிலும் இந்தக் கணக்கோடு சிரிக்கிறவர்களைப் பார்க்கலாம்; தம் சாதியைப் பற்றிய கேலியை யாரும் தொடங்குவதற்கு முன் தாமே தொடங்கிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் முன் வெட்கி நிற்கும் நிமிடத்தில்தான் கோல்டுக்கு மற்றக் குடும்பத்தின் மீது பசி பிறக்கிறது. அதற்குப் பிறகு அவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த வெட்கம் எடுத்த முடிவுகள்.

இந்த இரண்டு குடும்பங்களுக்கும் அப்பால், சட்டம் என்ற மூன்றாவது ஒன்று இருக்கிறது. படம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் கோல்ட் அதன் பக்கம் நிற்கிறார்: பட்டியல் வழக்கின் சான்றாகப் பதிவாகிவிட்டது, அதை எடுத்துத் தர முடியாது என்று சொல்லும்போது. அந்த மறுப்பில் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை; சக காவலர்களின் பாராட்டும் இல்லை, யூதர்களின் அன்பும் இல்லை. அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல்தான் அடுத்த காரியத்துக்குப் போகிறார். எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அவர் சரியானதைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்தார், ஓர் இரவுகூட அதில் நிலைத்து நிற்க அவரால் முடியவில்லை.

ஓய்வு பெற்ற ஏட்டு, காவேரிப்பட்டணம்: முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி உடுத்தியவன் நான். ‘எங்க ஆள்’தான் விசாரிக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் வீட்டார் கேட்பதும், ‘அவன் ஆள்’ விசாரிக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு கேட்பதும் நமக்குப் புதிதல்ல. நம் சட்டம் இதற்கு இடம் தருகிறதா? சட்டத்தின் பக்கம் நிற்கிற காவலரை இனம்தான் கெடுக்கிறது என்று படம் சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன், சரியா?

ஐயா, முதல் கேள்விக்கு முதலில் பதில். புலனாய்வு அதிகாரி எந்தச் சமூகத்தவராக இருக்க வேண்டும், எந்தச் சமூகத்தவராக இருக்கக் கூடாது என்று நம் சட்டம் சொல்வதில்லை. சாதிக் கொடுமை வழக்குகளுக்கென்றே எழுதப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) கூட, 7ஆவது விதியில், புலனாய்வு அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்றும், அவருடைய அனுபவம், நீதியுணர்வு, வழக்கின் தன்மையைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றைப் பார்த்து நியமிக்க வேண்டும் என்றும்தான் சொல்கின்றன. பதவியைப் பார், மனத்தைப் பார் என்கிறது விதி. பிறப்பைப் பார் என்று சொல்லவில்லை. புகார் கொடுத்த காவலரே வழக்கைப் புலனாய்வு செய்யலாமா என்ற சிறு கேள்வியிலேயே உச்ச நீதிமன்றம் இரு விதமாகப் பேசியிருக்கிறது: 2018இல் மோகன்லால் வழக்கில் கூடாது என்றது, 2020இல் முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அது ஒன்றே வழக்கைக் கெடுத்துவிடாது, ஓரவஞ்சனை இருந்ததா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்தே பார்க்க வேண்டும் என்று மாற்றியது. ஓரவஞ்சனையை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளாத அந்த அணுகுமுறை, பிறப்பு விஷயத்திலும் எனக்குச் சரியென்றே படுகிறது.

பட்டியல் விஷயத்தில் நம் விதியும் கோல்ட் சொன்னதற்கு அருகில்தான் இருக்கிறது. கைப்பற்றிய பொருளைப் பற்றிக் குற்றவியல் நடுவருக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 106ஆவது பிரிவாக இருக்கிறது. கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் மகஜரில் ஏறிய பொருள் ஸ்டேஷன் ரைட்டரின் மேசையில் இருந்தாலும், அது இனி நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொருள். இது தங்களுக்குத் தெரியாததன்று. மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வியில் தங்களோடு உடன்பட முடியவில்லை. சட்டத்தைவிட்டுக் காவலரை இழுத்துச் செல்வது இனம் மட்டும்தான் என்றால், நம் அரூர் வட்டத்து வாச்சாத்தியை எந்தக் கணக்கில் வைப்பது? 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டு, அவர்களில் 54 பேர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவல்துறையினர், 5 பேர் வருவாய்த்துறையினர். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அத்தனை பேரையும் சேர்த்து வைத்தது ஒரு சாதி அன்று, ஒரு மதம் அன்று, சீருடை. ‘நம்ம ஆள்’ என்ற உணர்வைப் பிறப்புதான் தரும் என்பதில்லை, பணியும் தரும். அதுவும் தவறு செய்யும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்லும். கோல்டை இனம் கெடுத்தது என்று மட்டும் படித்தால், படத்தின் பாதி நம் கைநழுவிப் போகும். காவலர் கூட்டத்தில் ஒருவராக ஆவதற்காகத் தம் மக்களைப் பழித்த கோல்டும் அதே நோயாளிதான்.

பலசரக்குக் கடைக்காரர், ஓசூர்: எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. யூத அறிஞர் ஒருவர், ‘யூதன் என்கிறாய், எபிரேயம் படிக்கத் தெரியாது என்கிறாய்’ என்ற பொருளில் கோல்டைக் கேட்டு மடக்கியபோது என்னைக் கேட்டதுபோல் இருந்தது. அவர் கேட்டது நியாயமா?

நியாயமில்லை என்பேன். 1881 முதல் 1924 வரையிலான காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள்; 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அந்த வாசலை ஏறக்குறைய மூடியது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது இத்திஷ் மொழி. எபிரேயம் அவர்களுக்கு வழிபாட்டு மொழி. 13 வயதில் நடக்கும் சடங்குக்காகப் பையன்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். பேரன் தலைமுறைக்கு வரும்போது இத்திஷ் வீட்டைவிட்டுப் போனது; பலருக்கு எபிரேயமும் போனது. கோல்ட் அப்படிப்பட்ட பேரன்களில் ஒருவர். அவருடைய மொழியை அவர் தொலைத்தார் என்று சொல்வதைவிட, அவருக்கு அது கொடுக்கப்படவே இல்லை என்று சொல்வது பொருந்தும்.

தங்கள் ஊரிலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வெளியே இரண்டையும் கலந்து வாழும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. எழுத்துத் தெரியாததால் யாரும் தம் தாயின் பிள்ளையாக இல்லாமற் போய்விடுவதில்லை. அந்த அறிஞரின் கேள்வி கோல்டை அவ்வளவு ஆழமாகத் தைப்பதற்குக் காரணம், தேர்வு எழுதி எழுதியே பழகிப்போன மனிதரிடம் இன்னொரு தேர்வுத் தாளை அது நீட்டியதுதான். தாங்கள் அந்தத் தாளை வாங்க வேண்டியதில்லை. எழுத்தைக் கற்க ஆசை இருந்தால், அது வேறு மகிழ்ச்சி.

மாணவர், ஊத்தங்கரை: யூதர் என்பது மதமா, இனமா, நம் சாதியைப் போன்ற ஒன்றா?

மூன்றும் சேர்ந்தது போலவும், மூன்றிலும் அடங்காதது போலவும் இருப்பதால்தான் அவர்களுக்குள்ளேயே இந்த வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. மரபான யூத சமயச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதர். இஸ்ரேல் 1950இல் இயற்றிய ‘திரும்பி வரும் உரிமைச் சட்டம்’, 1970ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தாத்தா பாட்டியரில் ஒருவர் யூதராக இருந்தாலே அங்கே குடியேற இடம் தருகிறது. ஆனால் தாமே விரும்பி வேறு மதத்துக்குப் போனவரை ஏற்பதில்லை. இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஆஸ்வால்ட் ரூஃபைசன் வழக்கு. போலந்தில் யூதத் தாய்க்குப் பிறந்தவர். நாஜிகளின் காலத்தில் மீர் என்ற ஊரின் யூதர்கள் பலரைத் தப்பவைத்தவர். பின்னர் கத்தோலிக்கத் துறவி ஆனார். யூதர் என்ற முறையில் குடியுரிமை கேட்டபோது, 1962இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தாய்வழி மட்டும் போதும் என்ற சமயச் சட்டத்தைப் பார்த்தால் அவர் யூதர். நாட்டின் நீதிமன்றமோ, சாதாரண மனிதர் யூதர் என்று யாரைக் கருதுவார் என்று பார்த்தது.

நம் நாட்டிலும் பிறப்பும் மதமும் சட்டத்தில் மோதும் இடம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற நிலை முதலில் இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் உரியது; கிறித்தவரானவர்களுக்கு இல்லை. ஊரில் அவரைப் பழைய பெயராலேயே அழைப்பார்கள், தாசில்தார் சான்றிதழ் தரமாட்டார். அந்த அளவில் மட்டும் ஒப்பிடலாம்; அதற்குமேல் சாதியோடு பொருத்துவது சரிவராது.

கோல்டின் கதையில் இந்தச் சட்டங்கள் எதுவும் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே நகர நிர்வாகத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் அவரை யூதர்களுக்கான வசைச் சொல்லால் திட்டுகிறார்; அவர் யூதர் என்பது நமக்கும் அப்போதுதான் அழுத்தமாகத் தெரிகிறது.

தனியார் நிறுவன ஊழியர், கிருஷ்ணகிரி: பட்டியலைக் கேட்கும் யூதக் குழுவின் முதியவர்கள் ஒரு காலத்தில் ஆயுதம் கடத்தியதாகப் படத்தில் வருவது கற்பனையா, நடந்ததா?

படத்தில் வரும் குழு கற்பனை. அதன் பின்னணி நடந்தது. 1945 ஜூலையில், பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான டேவிட் பென் குரியன் நியூயார்க்கில் ருடால்ஃப் சோன்னபார்ன் என்ற தொழிலதிபரின் வீட்டில் வசதியான அமெரிக்க யூதர்களைக் கூட்டி உதவி கேட்டார். அதிலிருந்து பிறந்த அமைப்பின் வழியாகப் பணமும் கருவிகளும் பாலஸ்தீனம் போயின. 1947 டிசம்பரில் அமெரிக்கா அப்பகுதிக்கு ஆயுதம் அனுப்பத் தடை விதித்த பிறகு அதே வேலை குற்றமாயிற்று. லாஸ் வேகாஸ் பத்திரிகை அதிபர் ஹாங்க் கிரீன்ஸ்பன் அதற்காக 1950இல் தண்டிக்கப்பட்டார். 1961இல் அதிபர் கென்னடி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பட்டியலைக் கேட்கும் முதியவர்கள் வெறும் வில்லன்களாகத் தெரிய மாட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் செய்தது தியாகம் என்று நம்புகிறவர்களின் பெயர்கள், ஒரு காவல் நிலையக் கோப்பில் குற்றச் சான்றாகக் கிடக்கின்றன. அவர்கள் கேட்டதில் தவறில்லை. கோல்ட் மறுத்தபின் அவரைச் சிக்கவைத்த விதத்தில்தான் தவறு.

புறா வளர்ப்பவர், பாலக்கோடு: மாடியில் கிடைத்த காகிதத் துண்டை வைத்துப் பெரிய நாஜிச் சதி இருப்பதுபோல் காட்டிவிட்டு, கடைசியில் அது புறாத் தீவனத்தின் பெயர் என்று முடித்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பார்வையாளரை ஏமாற்றுவதாகாதா?

ஏமாற்று வேலை என்றால், அதைக் கோல்ட் தமக்குத்தாமே செய்துகொண்டார். மாடியில் புறாக்கள் இருந்தன. துண்டுக் காகிதமும் இருந்தது. அதில் இருந்த எழுத்துகள் இட்லருக்கு வழங்கிய ஒரு பட்டப் பெயரின் சுருக்கத்தோடு ஒத்துப்போயின. புறா வளர்க்கும் தாங்கள் அந்த மாடியில் நின்றிருந்தால் முதலில் தீவனச் சாக்கைத்தான் தேடியிருப்பீர்கள். நெடிய அனுபவமுள்ள துப்பறிவாளர் ஒருவர் அதைத் தேடாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. அந்த மூதாட்டி யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தேவையாக இருந்தது. அப்படி இருந்தால்தான் அவர் புதிதாகப் பெற்ற உறவுக்குப் பொருள் இருக்கும். உண்மையில் கொலை அக்கம்பக்கத்துப் பையனின் வேலை: கிழவி நிலவறையில் பணம் பதுக்கி வைத்திருக்கிறாள் என்ற ஊர்ப்பேச்சை நம்பிச் செய்தது. அந்த ஊர்ப்பேச்சு முதல் நாளே கோல்டின் காதில் விழுந்திருந்தது. ‘யூதர் என்றால் பணம் பதுக்குவார்’ என்ற பழைய வதந்திதான் அவரைக் கொன்றது என்று எடுத்துக்கொண்டால், வெறுப்பும் அந்தக் கொலையில் இல்லாமல் இல்லை. சதி இல்லை, அவ்வளவுதான்.

பார்வையாளரை ஏமாற்றாமல் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் மாமெட் கறாரானவர். தொடக்கத்தில் ஒரு கைதி கோல்டின் துப்பாக்கியைப் பறிக்க முயலும்போது உறையின் வார் அறுகிறது. அதைத் தைக்க அவருக்கு நேரமில்லை. கடைசித் துரத்தலில் துப்பாக்கி கைக்குக் கிடைக்காமற் போவது அந்த வாரால்தான். மறுமுறை பார்க்கும்போது இந்த வாரைக் கவனியுங்கள். ராஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு அதை ஒளித்து வைப்பதில்லை.

காவலர் தேர்வுப் பயிற்சியாளர், அரூர்: என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத் திரையிடலாமா?

பதினெட்டு வயது நிறைந்தவர்கள் என்றால் தாராளமாகத் திரையிடலாம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கெட்ட வார்த்தைகள் ஏராளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேகமான பேச்சு என்பதால் துணைவரி இல்லாமல் போடாதீர்கள். பட்டியலைத் தர முடியாது என்று கோல்ட் சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்தி, அவருடைய இடத்தில் இருந்தால் அன்றிரவு எங்கே போயிருப்பார்கள், யாரிடம் பேசியிருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியவற்றை இந்த இதழுக்கு அனுப்பினால், இடம் இருக்கும்வரை வெளியிடுகிறோம்.